உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம்

தீபாவளிக்கு முந்தின வாரம் என் மைத்துனருக்கு ஒரு போன் வந்தது. "சார், உங்க லோன் மூணு மாசமா டியூ நிக்குது." அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கடன் நகைக்கடன், அதையும் அடைத்து நகையை மீட்டாயிற்று. யாரோ எண் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துவிட்டார். மறுநாள் வேறு எண்ணிலிருந்து அதே பேச்சு. நாலாம் நாள் பைக்கில் இரண்டு பேர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. கடன் தொகை போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கும், விண்ணப்பத்தில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணும் மட்டும் யாருடையவோ. ஒரு கடன் செயலியில் இவர் பெயரைப் போட்டு 38,000 ரூபாயை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

மனிதர் ஓடிபியை யாருக்கும் சொன்னதில்லை. வங்கிக் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. அதனால்தான் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

2023-ல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024-ல் அது 22,845 கோடியாகிவிட்டது என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. எல்லா வகை மோசடியும் இதில் அடக்கம். ஆனால் எந்த வகையாக இருந்தாலும் அதை நடத்துகிறவனுக்கு இரண்டு பொருள் கட்டாயம் வேண்டும்: கூப்பிட ஒரு சிம், பணம் வந்து விழ ஒரு வங்கிக் கணக்கு. இரண்டையும் அவன் தன் சொந்தப் பெயரில் வாங்கமாட்டான். வேறு யாருடைய பெயராவது வேண்டும். பணமே இல்லாதவர்களின் ஆதார் நகலுக்கும் கிராக்கி இருப்பது இதனால்தான். "என்கிட்ட என்ன இருக்கு திருட?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆதாரோடு இணைத்த கைப்பேசி, ஆதார் எண், பான் அட்டை, ஒரு நோட்டு, பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் வேண்டாம், சொந்தக் கைப்பேசியிலேயே செய்யுங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாமல் முகவரியை நீங்களே அடியுங்கள். இங்கே வரும் அரசுத் தளங்களின் முகவரி "கவ் டாட் இன்" (gov.in) என்று முடியும். அதற்குப் பின்னால் சாய்கோடு (/) இல்லாமல் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது அரசுத் தளம் இல்லை.

ஆதாரோடும் வங்கியோடும் இணைத்திருப்பது பழைய எண்ணா? அப்படியானால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். ஆதாரில் எண்ணை ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் உங்கள் வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியில் போய் நிற்கும்.

முதலில் சிம்

தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" தளம் 2023 மே மாதம் வந்தது. இப்போது செயலியாகவும் கிடைக்கிறது. அதில் உங்கள் பெயரில் உள்ள கைப்பேசி இணைப்புகளைப் பார்க்கும் பகுதிக்குப் போய், உங்கள் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் கொடுங்கள். உங்கள் அடையாள ஆவணத்தைக் காட்டி வாங்கிய எண்களெல்லாம் வரிசையாக வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6.

தெரியாத எண் ஒன்று இருந்தால் உடனே பதற வேண்டாம். வீட்டில் ஒரு சுற்று கேளுங்கள். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது, டேட்டாவுக்காக வாங்கி எங்கோ போட்ட சிம், இணைய டாங்கிளுக்குள் உட்கார்ந்திருப்பது என்று பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சமிருப்பதற்கு "இது என் எண் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். உங்களுடையதுதான், ஆனால் இனித் தேவையில்லை என்றால் அதற்கும் தனித் தேர்வு உண்டு. குறிப்பு எண் ஒன்று வரும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் கைப்பேசியில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்திலிருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருந்தால், டவர் கோளாறு என்று சும்மா இருக்காதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கக்கூடும். இன்னொருவர் கைப்பேசியிலிருந்து உடனே உங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் அடுத்த அழைப்பு வங்கிக்கு.

ஆதார்: இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்

ஆதாரில் நிறையப் பேருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் ஊர்ப்பக்கத்து வங்கி முகவரிடம் பணம் எடுக்கலாம். ஏஇபிஎஸ் என்பார்கள். கார்டு வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நடக்க முடியாத பாட்டி முதியோர் பென்ஷனை வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்கிறாள் என்றால் அதற்கு இந்த வசதிதான் காரணம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருக்கும் பெருவிரல் ரேகையை நகலெடுத்து, சிலிகானில் போலி விரல் செய்து பணம் எடுத்த கும்பல்கள் வெவ்வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை என்ன செய்வது?

பூட்டி வைக்கலாம். "மை ஆதார்" தளத்திலோ ஆதார் ஆணையத்தின் செயலியிலோ நுழைந்தால் பயோமெட்ரிக் பூட்டு என்று ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உங்கள் ரேகையையோ கருவிழியையோ வைத்து ஆதார் மூலம் யாரும் சரிபார்க்க முடியாது. நீங்களும் முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போதும், ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும்போதும், ரேகை வைத்துப் புது சிம் வாங்கும்போதும் பிழை என்றுதான் வரும். அந்த நேரத்தில் தற்காலிகமாகத் திறந்தால் போதும், 10 நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். வீட்டில் யார் ரேஷனுக்குப் போகிறார்களோ அவருக்கு இதைச் சொல்லாமல் பூட்டிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்துவிட்டு அரிசிப் பையோடு வரிசையில் நின்ற என் மனைவியிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதே தளத்தில் "சரிபார்ப்பு வரலாறு" என்று ஒரு பகுதி உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எந்தத் தேதியில், எந்த நிறுவனத்தால், எந்த வழியில் சரிபார்க்கப்பட்டது என்று அதில் தெரியும். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ரேகை வைத்ததாகப் பதிவு இருந்தால் அதுதான் உங்களுக்கான மணியோசை. ஆதார் உதவி எண் 1947-ஐக் கூப்பிட்டு விசாரியுங்கள், வங்கிக் கணக்கின் வரவு செலவையும் பாருங்கள்.

இனி நகல் விஷயம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. நாடே பரபரத்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றது. வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த முதல் அறிவிப்பே சரி.

மறைத்த ஆதாரை அதே தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். லாட்ஜ், வாடகை வீடு, கூரியர் போன்ற இடங்களுக்கு இது தாராளமாகப் போதும். இறக்கிய கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான், ஊருக்கே தெரிந்த சூத்திரம். முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடத்தில், நகலின் குறுக்கே, படத்தின் மேலும் எண்ணின் மேலும் படும்படி, "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்துக்களை மறைத்துத் திருத்தத் தெரிந்தவனை இது நிறுத்தாது. கடைக்குப் பின்னால் கிடக்கும் கத்தையிலிருந்து நாலு நகலை உருவிக்கொண்டு போகிறவனை நிறுத்தும். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்ட் எடுத்ததும் அவர்கள் கணினியிலிருந்து கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

பான்: கடன் இங்கேதான் ஒளிந்திருக்கும்

என் மைத்துனர் கதையில் யாராவது முன்கூட்டியே கடன் அறிக்கையை, அதாவது அவர் பெயரிலுள்ள கடன்களின் பதிவை, பார்த்திருந்தால் விஷயம் வாசல்வரை வந்திருக்காது. எல்லோரும் "சிபில்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, உண்மையில் இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இந்த அறிக்கையைத் தருகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாங்கினால் வருடம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். "இலவச ஸ்கோர்" காட்டும் செயலிகளில் பான் எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாரம் முழுக்கக் கடன் வேண்டுமா என்று போன் வந்துகொண்டிருக்கும்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் ஸ்கோரைப் பார்ப்பார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் முகவரியும் தொலைபேசி எண்களும்: உங்களுக்குத் தெரியாத எண் அதில் ஏறியிருந்தால் யாரோ அந்த எண்ணைக் கொடுத்து உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கலாம். அடுத்து கடன் கணக்குகள். கடைசியாக "என்கொயரி" பகுதி, அதாவது யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்கினார்கள் என்ற பட்டியல். திருட்டு பலமுறை இங்கேதான் முதலில் தெரியும். கடன் கிடைக்காமல் போன முயற்சியும் இதில் பதிவாகும்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ் கடையின் பெயரில் வராது, பின்னாலிருந்து பணம் கொடுத்த, நீங்கள் கேள்விப்பட்டே இராத நிதி நிறுவனத்தின் பெயரில் வரும். "இப்போது வாங்கு, அப்புறம் கொடு" வகையும் அப்படியே. தொகையையும் தேதியையும் வைத்து நினைவுபடுத்திப் பாருங்கள். நம்மூருக்கே உரிய இன்னொரு குழப்பம் இனிஷியல். ஓர் ஆவணத்தில் "எஸ். முருகன்", இன்னொன்றில் "முருகன் சுப்பையா", மூன்றாவதில் வெறும் "முருகன்". பிறந்த தேதியும் ஒன்றாக இருந்துவிட்டால் வேறொரு முருகனின் கடன் உங்கள் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அது திருட்டு இல்லை, பதிவுக் குளறுபடி. ஆனால் திருத்தும் வழி ஒன்றுதான்.

வருமான வரித் தளத்தில், உங்கள் பான் எண்ணில் பதிவான பணப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் (ஏஐஎஸ்) ஒருமுறை திறந்து பாருங்கள். வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர்களும் பார்க்கலாம், பார்க்க வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவர்களின் பான் எண்ணை வைத்து யாரோ போலி நிறுவனம் பதிவு செய்திருந்தார்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்த எண்ணில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை.

மின்னஞ்சல், வாட்ஸ்அப், முகநூல்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றும் சாவி மின்னஞ்சலில் இருக்கிறது. அதனால் அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அமைப்புகளுக்குள் அதே வசதி இருக்கிறது, ஆறு இலக்க பின் கேட்கும். அங்கேயே "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதைத் தட்டுங்கள். தெரியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும், கோப்பின் வால் "ஏபிகே" என்று இருந்தால் அது செயலி. பத்திரிகையை யாரும் செயலியாக அனுப்பமாட்டார்கள். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளையெல்லாம் அவன் அங்கிருந்தே படிக்க முடியும், ஓடிபியை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் படத்தை வைத்து முகநூலில் போலிக் கணக்கு தொடங்கி நண்பர்களிடம் பணம் கேட்பதும் அடையாளத் திருட்டுதான். கலெக்டர்களின் படத்தை வைத்தே செய்தவர்கள் இருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம். போலிக் கணக்கின் பக்கத்திலேயே புகார் என்பதைத் தட்டி, வேறொருவராக நடிக்கிறார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்கள் ஐந்தாறு பேரையும் அதையே செய்யச் சொல்லுங்கள். நண்பர் பட்டியலை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்தால் அடுத்தமுறை அவனுக்குக் கைக்குப் பட்டியல் கிடைக்காது.

ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால்

பணம் போயிருந்தால் முதலில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். காவல் நிலையம் அப்புறம், உறவினரிடம் யோசனை கேட்பது அதற்கும் அப்புறம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஏடிஎம்மில் எடுத்துவிடுவதற்கு முன் வழியில் எங்காவது முடக்குவதற்குத்தான் இந்த எண். பேசும்போது கேட்பார்கள் என்பதால் உங்கள் வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ என்றால் அது 12 இலக்கம். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்தில் புகாரைப் பதியுங்கள். உடனே வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடுவில் எங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்கிறவருக்கு இழப்பில் பங்கில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தாலும் புகார் செய்யத் தயங்காதீர்கள். புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

பணம் போகாமல் பெயர் மட்டும் போயிருந்தால், மைத்துனருக்கு நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் வசூலுக்கு வந்தவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. "இப்ப ஆயிரம் கட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்தோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இன்னொருவரின் அடையாளத்தைப் பயன்படுத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினோம்.

பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். புகார் நகலை இணைத்து மூன்றே கேள்வி கேட்டோம்: விண்ணப்பத்தில் இருக்கும் செல்ஃபி யாருடையது, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, ஒப்பந்தத்தில் எந்த எண்ணுக்கு ஓடிபி போனது? கெஞ்சி எழுதிய முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. இந்த மூன்று கேள்விக்கு ஐந்தாம் நாள் பதில் வந்தது. 30 நாளாகியும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது.

கடன் அறிக்கை நிறுவனத்திடமும் தனியாக மறுப்புப் பதிய வேண்டும். அறிக்கையில் அந்தக் கணக்குக்கு நேராகவே அதற்கான வழி இருக்கும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் திருத்தினால் மற்ற மூன்றிலும் தானாகத் திருந்திவிடும் என்று நினைக்காதீர்கள், நான்கையும் பாருங்கள்.

கடைசியில் "இந்தக் கடனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை" என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போகும். மைத்துனர் அந்தக் கடிதத்தை ஆறு பிரதி எடுத்து, ஒன்றை வண்டியின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார். போன மாதம் வேறொரு வசூல் நிறுவனத்திலிருந்து, அதே கடனுக்கு, மறுபடி ஒருவர் கூப்பிட்டார்.